மூன்று கட்டை வேகம்

மருத்துவமனையிலிருந்து என் கணவர் வீடு திரும்பிய அதே வாரத்தில் ட்ரெட்மில்லும் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தது. அவருக்கு இதயக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். தினமும் நடக்க வேண்டும், மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் தாமான் குடியிருப்பில் காலையில் தெருநாய்கள், சாயங்காலம் மழை, நடுவில் வெயில். எங்கே நடப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து என் நாத்தனார் போன் செய்தார்.

நாத்தனார் என் கணவருக்கு ஏழெட்டு வயது மூத்தவர். ஓய்வுபெற்ற நர்ஸ். கணவர் காலமான பிறகு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். மெதடிஸ்ட் சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசை. வார்டில் பழகிய வேக நடையை ஓய்வுபெற்ற பிறகும் விடாதவர். அவரோடு கடைக்குப் போனால் நான் பாதி தூரம் ஓடத்தான் வேண்டியிருக்கும்.

"என் ட்ரெட்மில்ல தம்பிக்கு அனுப்பி வைக்கிறேன்மா. இங்க எடத்த அடைச்சிக்கிட்டு கெடக்கு" என்றார்.

"உங்களுக்கு வேணாமா அண்ணி? நீங்க தினம் நடப்பீங்களே?"

"நான் வெளிய நடந்துக்குவேன். அவனுக்குத்தான் இப்ப தேவ."

அந்த ட்ரெட்மில் அவரும் கடையில் வாங்கியதல்ல. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு வெளிநாட்டுக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாமல் அவரிடம் விட்டுப்போனது. ஆள் உயரத்துக்கு ஒரு சட்டம், கறுப்புப் பட்டை, மேலே சிவப்பு எழுத்தில் எண்கள் காட்டும் சின்னத் திரை. எங்கள் ஹாலில் டிவியைப் பார்த்தபடி வைத்தோம். பின்பக்கம் வாசல் கதவு. அதற்குப் பிறகு ஹாலில் சோபாவுக்கு இடம் இருந்தது, சோபாவில் உட்காருபவர்களின் முழங்காலுக்கு இடம் இல்லை.

என் கணவர் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டியவர். வாழ்நாள் முழுவதும் மீட்டரைப் பார்த்து வாழ்ந்த மனிதர். எண்ணெய் எவ்வளவு, சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று முள் எதைக் காட்டுகிறதோ அதுதான் அவருக்கு உண்மை. மேகம் கறுத்திருந்தாலும் போனில் வெயில் படம் இருந்தால் குடை எடுக்க மாட்டார்.

முதல் நாள் திரையில் மூன்று என்று வைத்துக்கொண்டு ஏறினார். கொஞ்ச நேரத்தில் சட்டை நனைந்துவிட்டது. மூச்சு வாங்க இறங்கி சோபாவில் சாய்ந்தார். புதுசு இல்லையா, பழகிவிடும் என்று நான் சொன்னேன். ஒரு வாரம் ஆயிற்று. இன்னொரு வாரமும் ஆயிற்று. மூன்றுக்கு மேல் அவரால் ஒரு புள்ளிகூடக் கூட்ட முடியவில்லை.

இதற்கு நடுவில் தினமும் நாத்தனாரின் போன்.

"எத்தனையில நடந்த?"

"மூணு."

"மூணுதானா? நான் நாலுல நடந்துகிட்டே ஞாயித்துக்கெழம பாட்டு முழுக்க பாடிப் பழகுவேன்டா."

"நீ பாடு, எனக்கு என்ன" என்று சொல்லிவிட்டு போனை என்னிடம் கொடுத்துவிடுவார். அப்புறம் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே விட்டு எழுந்துவிடுவார்.

எனக்குக் கவலை வந்தது அவர் மூச்சு வாங்கியதைப் பார்த்து அல்ல. மருத்துவமனையில் மறுபடி பரிசோதனைக்கு ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ட்ரெட்மில்லில் நடக்க வைத்து இதயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள். அந்தத் தேதியை அவர் எனக்குச் சொல்லாமல் தள்ளிப்போட்டிருந்தார். மருத்துவமனையிலிருந்து வந்த குறுஞ்செய்தியைத் தற்செயலாகப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"ஏங்க தள்ளி வச்சீங்க?"

"வீட்டுல மூணுலயே நாக்கு தள்ளுது. அங்க போனா சரிவா தூக்கி வேற விடுவாங்க. போயி என்ன பண்ண? இந்தத் தடவ நெஞ்சயே வெட்டணும்பாங்க." கொஞ்சம் பொறுத்து, "வண்டி முடிஞ்சி போச்சு லா" என்றார்.

லோரியைப் பற்றிக்கூட அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வாரம்தான் ட்ரெட்மில் தன் பங்குக்கு மக்கர் பண்ண ஆரம்பித்தது. நடந்துகொண்டிருக்கும்போதே பட்டை ஒரு கணம் தயங்கும், பிறகு திடீரென்று இழுக்கும். அவர் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அம்பாங்கில் உடற்பயிற்சிச் சாமான்கள் பழுதுபார்க்கும் ஒருவரின் நம்பரைத் தேடிப்பிடித்துப் போன் செய்தேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"அக்கா, இந்த வாரம் ஃபுல்லா ரவாங் பக்கம் வேலை இருக்கு. கிள்ளானுக்கு அடுத்த வாரம்தான் வர முடியும்" என்றார்.

"நானே தொறந்து பாக்கலாமா? நான் ரவாங்ல ஃபேக்டரியில டெஸ்டிங் டிபார்ட்மென்ட்ல இருந்தவ. ஆம்ப்ளிஃபையர் செக் பண்ற வேல."

"அப்புறம் என்னக்கா, தாராளமா தொறங்க. மொதல்ல பிளக்க உருவிடுங்க. முன்னாடி மூடிய கழட்டுனா மோட்டார் தெரியும். தூசிய எடுங்க. ரோலர் பக்கத்துல ஒரு சின்ன சென்சார் இருக்கும், துணியால தொடைங்க. பட்டைக்கு அடியில சிலிக்கான் எண்ணெய் விடுங்க. சமையல் எண்ணெய் விட்றாதீங்க."

"யாராச்சும் விடுவாங்களா?"

"விட்ருக்காங்கக்கா."

மறுநாள் ஹார்ட்வேர் கடையில் எண்ணெய் வாங்கி வந்து, ஹாலில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். வேலையை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்தபோது, அவரைப் பற்றிய கவலையை மீறி எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே மோட்டாரைச் சுற்றி சாம்பல் நிறத்தில் தூசி மெத்தை போல் படிந்திருந்தது. நாத்தனாரின் கொண்டை ஊசிகள் நாலைந்து கிடந்தன. எல்லாவற்றையும் வேக்கும் வைத்து உறிஞ்சி, சென்சாரைத் துடைத்து, பட்டையைத் தூக்கி அடியில் எண்ணெய் விட்டேன். பட்டை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. பின்னால் இருந்த போல்ட்டை எல்-சாவியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தேன். என் கணவர் சோபாவில் உட்கார்ந்து, லோரிக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக்கிடம் சொல்வதுபோல் "ரொம்ப இறுக்காத, ரொம்ப இறுக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிளக்கை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். தயக்கம் போய்விட்டது. சத்தமும் குறைந்திருந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானே மேலே ஏறினேன். திரையில் மூன்று.

அன்றுவரை நான் அதில் ஏறியதே இல்லை. ஏறிய கொஞ்ச நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும்போதுகூட நான் அவ்வளவு வேகமாக நடக்க மாட்டேன். மழை வருகிறது, கொடியில் துணி காய்கிறது என்றால் மட்டும் அப்படி நடப்பேன்.

"இது மூணு இல்லங்க" என்றேன்.

"அதுலதான் மூணுன்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கு. ஆனா இல்ல."

"மீட்டர் எப்படி பொய் சொல்லும்?" என்றார். நிஜமாகவே கேட்டார்.

தொழிற்சாலையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். ஒரு மீட்டர் சொல்வதை நம்புவதற்கு முன்னால், அதை இன்னொன்றை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இன்னொன்றுக்கு எங்கே போவது? தையல் டேப்பை எடுத்து வந்தேன். பட்டையின் ஓரத்தில் வெள்ளை பிளாஸ்திரி ஒன்றை ஒட்டி, அதைக் கையால் சுற்றிக்கொண்டே ஒரு முழுச் சுற்றின் நீளத்தை அளந்தேன். இரண்டு மீட்டர் எண்பது. மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்றால் அந்த பிளாஸ்திரி ஒரு நிமிடத்துக்குப் பதினெட்டு முறை வர வேண்டும். யாரும் ஏறாமல் பட்டையை ஓடவிட்டு, அவரை எண்ணச் சொல்லிவிட்டு நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இருபத்தொன்பது" என்றார் அவர்.

"சரியா எண்ணுனீங்களா?"

"நீ எண்ணு, நான் கடியாரம் பாக்குறேன்."

மாற்றி எண்ணினோம். இருபத்தொன்பதேதான். சமையலறைக்குப் போய் நாட்காட்டியின் ஓரத்தில் இருபத்தொன்பதைப் பதினெட்டால் வகுத்துப் பார்த்தேன். ஒன்று புள்ளி ஆறு. அந்த எண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் தெரியும்.

"இது கிலோமீட்டர் இல்லங்க. மைலு. நீங்க மணிக்கு மூணு மைல் நடந்திருக்கீங்க."

அவர் உதடு அசைந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு மைல் என்பது இன்றைக்கும் கட்டைதான். சாலையோர மைல்கல்லை வைத்து மூன்றாங்கட்டை, ஆறாங்கட்டை என்று இடங்களுக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். அவரும் அப்படி எண்ணி லோரி ஓட்டியவர்தான்.

"மூணு கட்டையா?" என்றார். "அப்ப அஞ்சு கிலோமீட்டருக்கு கிட்டயா?"

"ஆமா."

"மொத நாள்லேர்ந்தா?"

"மொத நாள்லேர்ந்து."

அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்தபோது நடையில் ஒரு தினுசு இருந்தது.

இனி இதை மாற்ற வேண்டுமே. வெளியில் இருந்த பொத்தான்களை எல்லாம் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அம்பாங்காரருக்கு விஷயத்தைச் சொல்லி ஒரு செய்தி அனுப்பினேன். குரல் பதிவாகப் பதில் வந்தது. பின்னால் யாரோ மலாய்க்காரர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் சத்தத்தோடு.

"அக்கா, அது வெளியில இருக்காது. உள்ள ஒரு சர்வீஸ் மோட் இருக்கு, அதுக்குள்ள போகணும். அந்த சிவப்பு சேஃப்டி சாவிய எடுத்துடுங்க. ஸ்டாப் பட்டனையும் வேகம் கூட்டுற பட்டனையும் ஒண்ணா அழுத்திப் பிடிங்க. பிடிச்சிக்கிட்டே சாவிய சொருகுங்க. எல்லா லைட்டும் எரியும். அப்புறம் ஒவ்வொரு பட்டனா தட்டிட்டு போனீங்கன்னா ஈ இல்லன்னா எம்முன்னு ஒரு எழுத்து வரும். ஈ இருந்தா மைல். எம்முக்கு மாத்துங்க. மாத்துன பெறகு ஒரு தடவ கேலிப்ரேஷன் ஓட்டிடுங்க. அது தானா ஓடி தானா நிக்கும். மேல யாரும் நிக்கக்கூடாதுக்கா. அது முக்கியம்."

இரண்டு பொத்தான்களை நான் அழுத்திக்கொள்ள, சாவியை அவர் சொருகினார். திரையில் எல்லாக் கட்டங்களிலும் எட்டு எட்டாக எரிந்தது. எந்தக் கோடு எரிகிறது, எது எரியவில்லை என்று கண் தானாகவே தேடியது. தொழிற்சாலையில் அப்படித்தான் ஒவ்வொரு திரையையும் பார்ப்போம். எல்லாம் எரிந்தன. பொத்தானைத் தட்டத் தட்ட ஏதேதோ எண்கள் வந்து போயின. கடைசியில் திரையின் நடுவில் ஒற்றை எழுத்து நின்றது. ஈ.

அந்த வெளிநாட்டுக் குடும்பம் தங்கள் ஊர் வழக்கப்படி வைத்துக்கொண்டது, அப்படியே இருந்துவிட்டது. வேகம் கூட்டும் பொத்தானை ஒரு தட்டு தட்டினேன். எம்.

"அவ்வளவுதானா?" என்றார் அவர்.

"அவ்வளவுதான். இப்ப தள்ளி நில்லுங்க."

கேலிப்ரேஷன் ஆரம்பித்தது. முன்பக்கம் முனகிக்கொண்டே மெல்ல மேலே எழும்பி, உச்சிக்குப் போய், திரும்ப இறங்கியது. பிறகு பட்டை ஊர ஆரம்பித்தது. அது தன்னுடைய குறைந்த வேகத்தையும் கூடுதல் வேகத்தையும் தானே ஓடிப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. ஊர்ந்தது, நடந்தது, ஓடியது, அப்புறம் ஹாலே அதிரும்படி பறந்தது. ஆளில்லாமல் ஒரு பட்டை அந்த வேகத்தில் ஓடுவதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அவர் சமையலறை வாசலுக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய துண்டு நழுவிப் பட்டைமேல் விழுந்தது. விழுந்ததுதான் தெரியும். திறந்திருந்த வாசல் கதவு வழியாகப் பறந்து, போர்ட்டிகோவில் நின்ற காரின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, துண்டையும் வீட்டையும் பார்த்தார். நான் கையசைத்தேன். அவரும் கையசைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போனார்.

பட்டை நின்றதும் மறுபடி மூன்றில் வைத்து பிளாஸ்திரியை எண்ணினோம். பதினெட்டு.

அவர் ஏறினார். கையை வீசிக்கொண்டு நடந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல தூக்கம் வருதே" என்றார். மூன்றரை வைத்தார். நாலு வைத்தார். நாலில் நடந்துகொண்டே திரும்பி என்னைப் பார்த்து, "ஒண்ணு சொல்றேன், அக்காகிட்ட சொல்லிடாத" என்றார்.

"எத?"

"இந்த மைலு கத. யோசிச்சி பாரு. நான் மூணு கட்டைன்னா அக்கா நாலு கட்ட நடந்திருக்கு. ஆறரை கிலோமீட்டரு. அதுவும் பாடிக்கிட்டே. தெரிஞ்சா நான் இனிமே பிரிக்பீல்ட்ஸ் பக்கம் தலகாட்ட முடியுமா?"

நான் சிரித்துவிட்டேன். சரி, சொல்லவில்லை என்றேன்.

மறுவாரமே அவர் பரிசோதனைக்குப் புதுத் தேதி வாங்கினார். மருத்துவமனையில் நெஞ்சு நிறைய ஒயர்களோடு அந்தப் பெரிய ட்ரெட்மில்லில் ஏறும்போது, அங்கிருந்த பெண்ணிடம் "மிஸ், இது கிலோமீட்டர்தானே?" என்று கேட்டிருக்கிறார். அவள் எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் ஆமாம் என்றிருக்கிறாள். சரிவை ஏற்றி ஏற்றி அவர்கள் நிறுத்தும் வரை நடந்திருக்கிறார். டாக்டர் தாள்களைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். திரும்பும் வழியில் இருவருக்கும் தோசை வாங்கினார். நெய் இல்லாமல்.

கதை அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள், புடவை பிளவுஸ் தைக்கக் கொடுத்ததை வாங்க பிரிக்பீல்ட்ஸுக்குப் போயிருந்தேன். நாத்தனாரைப் பார்க்காமல் வர முடியாது. இருவருமாகக் கீழே இறங்கிக் கடைக்குப் போனோம். வழியில் ஒரு விஷயம் கவனித்தேன். நான் ஓடவில்லை. அவர் என் பக்கத்தில் என் வேகத்திலேயே வந்துகொண்டிருந்தார். பூக்கடை முன்னால் நின்று, பூ வாங்குவதுபோல் சற்று மூச்சு விட்டுக்கொண்டார்.

"ஒடம்பு சரியில்லையா அண்ணி?"

"அதெல்லாம் இல்ல." பூவைப் பையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு தானாகவே சொன்னார். "தம்பிகிட்ட சொல்லாத. அந்த மெஷின எடம் இல்லாம அனுப்பல. நாலுல நடந்தேன்ல, அது மூணரையாச்சு. போன வருசம் மூணாச்சு. அதுலயும் மூச்சு முட்டுச்சு. மூணு கிலோமீட்டரு. நான் ஆபரேஷன் முடிஞ்ச நோயாளிங்கள அந்த வேகத்துல நடத்திக் கூட்டிட்டுப் போயிருக்கேன்மா. அத பாக்கப் பாக்க எனக்குப் புடிக்கல. குடுத்துட்டேன். இப்ப காலையில நடக்கவும் போறதில்ல."

எனக்கு அங்கேயே சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் என் கணவரிடம் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. இப்போது இவரிடமும் ஒன்று. இரண்டையும் சுமந்துகொண்டு கொமுட்டர் ரயிலில் ஏறினேன். கிள்ளான் வருவதற்குள் எந்த வாக்கை மீறுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் அவர் நாலரையில் நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ட்ரெட்மில்லை நிறுத்தினார். பட்டை நின்ற பிறகும் அதிலிருந்து இறங்கவில்லை.

"போன்லயெல்லாம் அவ்வளவு பேசுச்சே" என்றார்.

"அதுக்குத்தான் பேசியிருப்பாங்க."

போனை எடுத்து, அங்கேயே நின்றபடி, ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, ஒரு விசயம். இந்த மெஷின்ல ஒரு தப்பு இருந்துச்சு. அது கிலோமீட்டர் காட்டல. கட்ட காட்டிக்கிட்டு இருந்துச்சு. உன் வீட்டுல இருந்தப்பவே அப்படித்தான்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த சீலிங் ஃபேனை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"என்னடா சொல்ற?"

"நீ மூணுல நடந்தேன்னா அது அஞ்சு கிலோமீட்டரு. நாலுன்னா ஆறரை."

"ஆறரையா?"

"ஆறரை."

"எழுவது தாண்டியா நான் அஞ்சு கிலோமீட்டர் வேகத்துல நடந்தேன்?"

"மூச்சு வாங்கும்தானே. எனக்கும் வாங்குச்சு."

மூக்கை உறிஞ்சுவதுபோல் ஒரு சத்தம். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்துக்கொண்டேன். பிறகு நாத்தனாரின் குரல், பழைய வார்டு குரலாக வந்தது.

"அந்த மெஷின திருப்பி அனுப்பு."

"முடியாது. டாக்டர் என்னய நடக்கச் சொல்லியிருக்கார்."

"அது என் மெஷின்டா."

"குடுத்தது குடுத்ததுதான் லா. வேணும்னா இங்க வந்து நடந்துட்டுப் போ."

கோபத்தில் சொன்னாரா, அன்பில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நாத்தனார் அதை அழைப்பாகவே எடுத்துக்கொண்டார். மூச்சு வாங்குவதை எதற்கும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று நான் வற்புறுத்தியதில் காட்டினார். வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது சனிக்கிழமை காலையில் கொமுட்டரில் வந்து இறங்குகிறார். நான் போய் ஸ்டேஷனிலிருந்து காரில் கூட்டி வருகிறேன். தினமும் தன் தெருவிலும் நடக்கிறாராம்.

அவர் நடக்கும்போது டிவியை அணைக்க வேண்டும், பாட வேண்டுமாம். இவருக்கோ அந்த நேரத்தில்தான் பந்தாட்டம் பார்க்க வேண்டும். யார் முதலில் ஏறுவது என்று ஒரு வாக்குவாதம், ஃபேனை எத்தனையில் வைப்பது என்று இன்னொரு வாக்குவாதம். நான் சிலிக்கான் எண்ணெய் போத்தலோடு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். போன சனிக்கிழமை இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நானே ஏறி நடந்துவிட்டேன். அவர்கள் கவனித்தபோது எனக்கு நன்றாக வேர்த்திருந்தது. நாத்தனார் திரையை எட்டிப் பார்த்து, "முதுக நிமித்தி நடம்மா" என்றார்.